அழித்து எழுதிய கட்டம்

எனக்குக் கட்டங்கள் பிடிக்கும். வீட்டுச் சமையலறையில் மிளகு, சீரகம், வெந்தயம் என்று போத்தலுக்குப் போத்தல் பெயர் எழுதி ஒட்டி வைத்திருப்பவள் நான். உப்புப் போத்தலிலும் உப்பு என்று எழுதியிருக்கிறேன். நாக்கு இருக்கிறவர்களுக்கு அது தெரியாதா என்று கணவர் கேலி செய்வார். செய்யட்டும். எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அவர் தேடும்போது நான்தான் சிரிப்பேன்.

அந்தக் குணம் வகுப்பறைக்குள் நுழைந்தபோது செயலட்டையாக மாறியது. மட்டக்களப்பு வாவிக்கரையோரமுள்ள ஒரு சிறிய பாடசாலையில் நாலாம் தரத்துக்குப் படிப்பிக்கிறேன். ஒரு தாளில் நாலு கட்டம், இரண்டு வட்டம், நடுவில் ஓர் அம்புக்குறி கீறிக் கொடுத்தால் பிள்ளைகளின் தலைக்குள் குழம்பிக் கிடப்பதெல்லாம் வரிசைக்கு வந்துவிடும் என்று நம்பினேன். பாதி இன்றைக்கும் நம்புகிறேன். இணையத்தில் எங்கெங்கோ உள்ள ஆசிரியர்கள் போடுகிற தாள்களை இறக்கி, எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றுவேன். பந்தி எழுதப் பழக்குவதற்கு அவர்களிடம் ஒரு படம் உண்டு: பணிஸைக் குறுக்கே வெட்டி நடுவில் இறைச்சியும் இலையும் அடுக்கியது. மேல் துண்டு தொடக்கமாம், கீழ்த் துண்டு முடிவாம். அதை வைத்து எங்கள் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்ல? புட்டுக்குழல் ஒன்றைக் கீறினேன். தேங்காய்ப்பூ, மா, தேங்காய்ப்பூ, மா, தேங்காய்ப்பூ. உடனே விளங்கிவிட்டது. தேங்காய்ப்பூ இல்லாத பந்தி தொண்டையில் அடைக்கும் என்று சொல்லி, ஒரு பிள்ளை எழுதியதை மற்றப் பிள்ளைகள் திருத்தினார்கள். அந்தப் புட்டுக்குழல் போட்டோக்கொப்பியாக அக்கம்பக்கத்துப் பாடசாலைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. எனக்குச் 'செயலட்டை ரீச்சர்' என்று பெயர் விழுந்தது. கேலியாகத்தான் வைத்தார்கள். நான் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நான் செய்தது தெரியாத்தனத்தில் நடந்த பிழை அல்ல. கட்டம் எதற்கு, அதற்குள் யாருடைய சொல் வர வேண்டும் என்பதெல்லாம் நன்றாகத் தெரிந்தவள்தான் அதைச் செய்தாள்.

அந்த வருடம் என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். அவளுடைய அப்பா ஆற்றில் வீச்சுவலை எறிகிறவர். வாவியை எங்கள் பக்கத்தில் ஆறு என்றுதான் சொல்வோம். பிள்ளை நன்றாக வாசிப்பாள், கணக்கும் செய்வாள். ஆனால் 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்கிற கட்டம் எதையும் நிரப்ப மாட்டாள். அவள் திருப்பித் தரும் தாளை அப்படியே இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கலாம், அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

"ஏன் மகள் எழுதல்ல?"

"தெரியாது ரீச்சர்."

"இது தெரிஞ்சு எழுதுறது இல்ல. நீ நினைக்கிறத எழுதணும்."

கொஞ்சம் யோசித்தாள். "நினைக்கல்ல ரீச்சர்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

அவளைத் திறந்தது ஒரு மீன்முள். காரணங்களைத் தேடி எழுதுவதற்கு மீன்முள் மாதிரி ஒரு படம் உண்டு. தலையில் பிரச்சினையை எழுத வேண்டும், முட்களில் காரணங்களை எழுத வேண்டும். பெரிய தாளில் நானே கீறித் தொங்கவிட்டேன். தலையில் 'பாடசாலையில் குப்பை சேர்கிறது' என்று எழுதினேன். பிள்ளைகள் எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருக்க, இவள் மட்டும் தாளைப் பார்ப்பதும் படத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். பிறகு எழும்பி என் மேசைக்கு வந்தாள்.

"ரீச்சர், முள்ளு மற்றப் பக்கம்."

"என்ன?"

"மீன்ட முள்ளு வாலுப் பக்கமாத்தான் சரியும். நீங்க தலப் பக்கமாச் சரிச்சு வச்சிருக்கீங்க. இப்பிடி இருந்தா அது நீந்தாது ரீச்சர்."

திரும்பிப் பார்த்தேன். சரிதான். எத்தனை வருடமாக மீன் ஆய்கிறேன், கறி வைக்கிறேன், முள்ளை எடுத்துத் தட்டில் ஒதுக்கி வைக்கிறேன். கண் இருந்தும் பார்த்ததில்லை. எல்லாருக்கும் முன்னால் தாளைத் திருப்பிப் போட்டுப் புதிதாகக் கீறினேன். அவளுக்குக் கை தட்டச் சொன்னேன். பிறகு அவளுடைய தோளில் கை வைத்து ஒரு வாக்குக் கொடுத்தேன். சொல் மாறாமல் இங்கே எழுதுகிறேன்.

"உனக்குத் தெரிஞ்சத அப்பிடியே எழுது மகள். உன்ட கட்டத்துக்குள்ள பிழை எண்டு ஒண்டுமில்ல."

அதற்குப் பிறகு எழுதினாள். முதலில் கட்டத்துக்கு ஒரு சொல், பிறகு ஒரு வரி. கடலையும் ஆற்றையும் ஒப்பிடுவதற்காக ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்கள் கொடுத்தேன். இரண்டுக்கும் பொதுவானது நடுவில் வர வேண்டும். வகுப்பே 'தண்ணீர்' என்று எழுதியிருந்தது. இவள், 'ரெண்டுக்கும் அப்பா கும்பிட்டுத்தான் இறங்குவார்' என்று எழுதியிருந்தாள். அதை ஆசிரியர் அறையில் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். அன்றைக்கு என் கால் நிலத்தில் படவில்லை.

எனக்கிருந்த ஆசை ஒன்றே ஒன்று. அடுத்த வருடம் அவள் ஐந்தாம் தரத்துக்குப் போய்விடுவாள். அங்கே புலமைப்பரிசில் பரீட்சைக்கு விடை பாடமாக்கும் ஓட்டம் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் தன்னுடைய சொல்லைத் தானே எழுதும் பழக்கம் அவளுக்குள் ஊறிவிட வேண்டும். ஊறிவிட்டால் யாராலும் பிடுங்க முடியாது என்று நினைத்தேன். பிடுங்கப் போவது நான்தான் என்று நினைக்கவில்லை.

அந்த வருடம் பாடசாலை பிந்தித் தொடங்கியதால் இரண்டாம் தவணையிலேயே மாரி வந்தது. எங்கள் பக்கத்தில் ஆறு கடலோடு சேரும் இடத்தை வருடத்தில் பல மாதம் மணல் மூடிக் கிடக்கும். மழை வெள்ளம் ஏறி வயல்களுக்குள் நிற்கும்போது அந்த மணலை வெட்டிவிடுவார்கள், தண்ணீர் கடலுக்கு ஓடிவிடும். ஆற்றுவாய் வெட்டுவது என்பது இதைத்தான். எப்போது வெட்டுவது என்பதில் வருடந்தோறும் இழுபறி. வயல்காரருக்கு இன்றைக்கே வெட்ட வேண்டும். தோணிக்காரர் இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்வார்கள். முந்தி வெட்டினால் வளர்ந்து வருகிற இறாலும் மீனும் தண்ணீரோடு போய்விடும் என்பார்கள்.

நாங்கள் வயல்காரர். ஆற்றுக்கு அப்பால் ஒரு வயல்வட்டையில் எங்களுக்கும் கொஞ்சம் வயல் இருக்கிறது. அந்த மாரியில் வட்டை முழுவதும் வெள்ளம். கணவர் விடியப் போய் மதியம் இடுப்பளவு நனைந்த சாரத்தோடு வருவார். மாவட்ட அலுவலகமான கச்சேரியில் இதுபற்றி நடந்த கூட்டத்துக்கும் போய்விட்டு வந்தார்.

"வேளாண்மை முழுக்கத் தண்ணிக்குள்ள தாண்டு கிடக்கு. அவங்க என்னெண்டா இன்னும் ஒரு கிழமை பொறுக்கட்டாம். இறால் வளரட்டாம்!"

"அப்ப சோத்துக்குப் பதிலா இறாலையே அவிச்சுத் தின்னட்டும்" என்று அவரைவிடப் பலமாகக் கத்தியவள் நான். எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் சட்டென்று போகாது.

அந்தக் கிழமைதான் கல்வி வலயத்திலிருந்து அதிகாரிகள் வருவதாக அதிபர் சொன்னார். என் வகுப்பில் ஒரு முன்மாதிரிப் பாடம் பார்ப்பார்கள். நல்ல செயலட்டைகளைத் தெரிவுசெய்து ஒரு கைந்நூலாக எல்லாப் பாடசாலைகளுக்கும் கொடுக்கப் போகிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. 'காரணமும் விளைவும்' என்ற பாடத்தை எடுத்தேன். ஊரே பேசிக்கொண்டிருந்த ஆற்றுவாயைப் பொருளாக வைத்தேன். இடது பக்கம் ஒரு பெரிய கட்டம்: 'ஆற்றுவாய் வெட்டப்படுகிறது.' அங்கிருந்து ஓர் அம்பு, ஒரு கட்டம். மறுபடி அம்பு, கட்டம். இன்னும் ஓர் அம்பு, கடைசிக் கட்டம். மூன்றுக்கும் மாதிரி விடை எழுதி வைத்தேன். வெள்ளம் வடியும். வேளாண்மை தப்பும். மக்கள் மகிழ்ச்சியடைவர்.

'மக்கள்' என்று எழுதியபோது என் மனதில் இருந்தது எங்கள் வீடுதான். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தோணி வைத்திருக்கிற வீடுகளிலிருந்து வருகிறார்கள். அது எனக்குத் தெரியாததா?

அதிகாரிகள் வருவதற்கு முதல் நாளே பாடத்தை ஒரு தடவை முழுதாக நடத்திப் பார்ப்பது எங்களுக்குள் ஒரு வழக்கம். யார் கை உயர்த்துவது, யார் எழும்பி வாசிப்பது, எந்த இடத்தில் எல்லாரும் சேர்ந்து 'ஓம் ரீச்சர்' சொல்வது என்று ஒத்திகை பார்ப்போம். மறுநாள் அதே பாடத்தைப் பிள்ளைகள் வாழ்க்கையில் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். வருகிறவர்களும் ஒரு காலத்தில் வகுப்பில் நின்றவர்கள், அவர்களுக்கும் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை.

ஒத்திகையில் தாள்களைக் கொடுத்துவிட்டு மேசைகளுக்கிடையே நடந்தேன். அவள் மூன்று கட்டங்களையும் நிரப்பிவிட்டுப் பென்சிலை வைத்திருந்தாள்.

'இறால் எல்லாம் கடலுக்குப் போயிரும்.'

'அப்பா தோணியக் கவிட்டுப் போடுவார்.'

'அம்மா மத்தியானம் பசிக்கல்ல எண்டு சொல்லுவா.'

உண்மையைச் சொல்கிறேன். வாசித்த அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது, வகுப்பிலேயே செயலட்டையைச் சரியாக விளங்கிக்கொண்டு எழுதியவள் இவள்தான் என்று. ஒன்றிலிருந்து ஒன்று, அதிலிருந்து மற்றொன்று. அம்புக்குறி சொன்ன வழியிலேயே போயிருந்தாள். மற்றப் பிள்ளைகள் மூன்று கட்டத்திலும் மூன்று தொடர்பில்லாத வசனங்களை எழுதி வைத்திருந்தார்கள். என் மாதிரி விடைகூட இவ்வளவு திருத்தமாக இல்லை.

அடுத்த நிமிடம் நனைந்த சாரமும் கச்சேரிக் கூட்டமும் ஞாபகத்துக்கு வந்தன. இந்தச் சின்னப்பிள்ளையும் எங்கள் வயலுக்கு எதிராகக் கை உயர்த்துவதுபோல எனக்குப் பட்டது. நாளைக்கு அதிகாரிகள் இதை வாசித்தால் என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

"இதென்ன? கதையா எழுதச் சொன்ன நான்?"

"எங்கட வீட்டில அப்பிடித்தான் ரீச்சர் நடக்கும்." பயமில்லாமல்தான் சொன்னாள். மீன்முள்ளைப் பற்றிச் சொன்ன அதே குரல்.

"ஓஹோ. வெட்டாம விட்டா வேளாண்மை அழுகிப் போகும். மறுகா நீங்க இறாலோட எதத் தின்னுற? சோறு எங்கால வரும்?"

வகுப்பு சிரித்தது. முதலில் வயல்வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு தோணிவீட்டுப் பிள்ளைகளும், என் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை.

"பிழை. அழிச்சிட்டு எழுது."

அழித்தாள். மலிவான தாள், அவளும் அழுத்தி எழுதியிருந்தாள். மூன்றாவது கட்டத்தை அழிக்கும்போது தாள் கிழிந்து சின்ன ஓட்டை விழுந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் கையில் ஒரு கட்டுப் புதிய தாள் இருந்தது, ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கலாம். "பரவாயில்ல, அதுக்கு மேலால எழுது" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையில் மூன்று விடைகளையும் எழுதினேன். பார்த்து எழுதினாள். ஓட்டை 'மகிழ்ச்சி' என்ற சொல்லுக்கு நடுவில் வந்தது.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. யன்னல் பக்கமாகச் சரித்துப் பிடித்தால் முதலில் எழுதிய எழுத்தின் தடம் தெரியும். 'பசிக்கல்ல' என்ற சொல்லை வாசிக்கவும் முடியும்.

மறுநாள் பாடம் நன்றாகப் போனது. வந்தவர்களில் வயதான ஓர் அம்மா இருந்தார். வகுப்பைச் சுற்றிவந்து, கடைசியில் இவளுக்குப் பக்கத்தில், பிள்ளைகள் இருக்கும் சின்ன வாங்கில் குந்தினார். புதிய தாளில் அவள் முத்து முத்தாக எழுதியிருந்தாள். எழுத்தைப் பாராட்டிவிட்டு அந்த அம்மா கேட்டார்.

"சரி மகள், ஆத்துவாய வெட்டினா உங்கட வீட்டில என்ன நடக்கும்?"

உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். ஒத்திகையில் இல்லாத கேள்வி அது. பிள்ளை என்னைப் பார்த்தாள். கோபப் பார்வை அல்ல, எதைச் சொல்ல என்று கேட்கிற பார்வை. 'நீ நினைக்கிறதச் சொல்லு' என்று மூன்று சொல் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. தாளில் எழுதியதையே சொல் என்பதுபோல நான் தலையை மெதுவாக ஆட்டினேன். அவள் எழும்பி நின்றாள்.

"மக்கள் மகிழ்ச்சியடைவர்."

அந்த அம்மா அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு கொப்பியில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. என் செயலட்டை தெரிவானது என்பது மட்டும் தெரியும்.

இரண்டு நாளில் ஆற்றுவாயை வெட்டினார்கள். எங்கள் வேளாண்மை தப்பியது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம், எனக்கும்தான். ஆனால் பாடசாலைக்குப் போகிற வழியில் கரையில் ஐந்தாறு தோணிகள் தொழிலில்லாமல் கவிழ்த்தபடி கிடந்தன. எது அவளுடைய அப்பாவின் தோணி என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவுமில்லை. ஸ்கூட்டியைக் கொஞ்சம் வேகமாக முறுக்கினேன். அடுத்த நாளும் அப்படித்தான்.

தவணை முடியும்போது பெற்றார் கூட்டம் நடந்தது. அவளுடைய அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முந்தி கட்டமெல்லாம் வெறுமையா விட்டுட்டு வருவா ரீச்சர். இப்ப ஒண்டும் விடுறல்ல, எல்லாம் சரியா எழுதுறா. நீங்க நல்லா இரிக்கணும்."

அறிக்கை அட்டையில் நானே 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதியிருந்தேன். வந்தவர்களுக்கு வைத்திருந்த தேநீரையும் பணிஸையும் காட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மதியம் ஒரு மணி தாண்டியிருந்தது.

"வேணாம் ரீச்சர். பசிக்கல்ல."

அந்த இடத்தில் நான் அழுதிருக்க வேண்டும். அழவில்லை. அடுத்த பெற்றாரின் பெயரைக் கூப்பிட்டேன்.

அடுத்த தவணையில் கைந்நூல் வந்தது. காலைக் கூட்டத்தில் அதிபர் அதை உயர்த்திக் காட்டி என் பெயரைச் சொன்னார், பிள்ளைகள் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். இனி எத்தனையோ ஆற்றங்கரைப் பிள்ளைகள் அந்த மூன்றாவது கட்டத்தில் மகிழ்ச்சியடையப் போகிறார்கள் என்று நினைக்க எனக்கு உடம்பு கூசியது. வெட்கம் என்று சொல்லிச் சமாளிக்க முடியாது. அதைவிடக் கீழான ஒன்று.

அந்தச் சனிக்கிழமை உட்கார்ந்திருந்து புதிய செயலட்டை ஒன்று செய்தேன். அதே ஆற்றுவாய், ஆனால் கட்டங்கள் இரண்டு வரிசை. மேலே 'வயல் செய்பவர்கள் வீட்டில் என்ன நடக்கும்?' கீழே 'ஆற்றில் தொழில் செய்பவர்கள் வீட்டில் என்ன நடக்கும்?' திங்கட்கிழமை கொடுத்தேன். கரும்பலகையில் ஒன்றும் எழுதவில்லை. தோணிவீட்டுப் பிள்ளைகள் சிலர் உற்சாகமாகிவிட்டார்கள். 'நண்டும் போயிரும்' என்று ஒரு பிள்ளை எழுதியது. 'வலை இழுபட்டுக் கிழியும்' என்று மற்றொன்று எழுதியது. எல்லாரையும் முந்தித் தாளைக் கொண்டுவந்தவள் அவள்தான்.

மேல் வரிசையில் வெள்ளம் வடிந்தது, வேளாண்மை தப்பியது, மக்கள் மகிழ்ச்சியடைந்தார்கள். கீழ் வரிசையிலும் அதேதான். சொல் பிசகாமல் அதே மூன்று விடைகள், அதே வட்ட வட்டமான எழுத்து.

தாளை வாங்கி மேசையில் வைத்தேன். கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, அவள் உயரத்துக்குக் குனிந்தேன்.

"மகள், அண்டைக்கு நீ முதல்ல எழுதினியே, அம்மா பசிக்கல்ல எண்டு சொல்லுவா எண்டு. அதுதான் சரி. ரீச்சர்தான் பிழை விட்ட. உன்னில பிழை இல்ல."

முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் முகத்தில் எதையோ தேடினாள். நான் எந்த விடையை எதிர்பார்க்கிறேன் என்று தேடினாள்.

"இல்ல ரீச்சர், அது பிழை. நான் இப்ப சரியாப் பாடமாக்கிட்டன்."

"பாடமாக்கத் தேவையில்ல மகள். உங்கட வீட்டில நடக்கிறத எழுதினாப் போதும்."

எங்கேயோ பிழை விட்டுவிட்டோம் என்று மட்டும் அவளுக்கு விளங்கியது. சட்டைப் பையிலிருந்து அழிறப்பரை எடுத்தாள்.

"எத எழுதணும் எண்டு சொல்லுங்க ரீச்சர். அழிச்சிட்டு எழுதுறன்."

"அழிக்க வேணாம்" என்றேன். "வை அத."

வைத்தாள். ஆனால் போகவில்லை. அவளுக்குப் பின்னால் மற்றப் பிள்ளைகள் தாள்களோடு வரிசையில் நின்றார்கள். இடைவேளை மணி அடித்தது. அவள் என் கையிலிருந்த சிவப்புப் பேனையையே பார்த்துக்கொண்டு நின்றாள், கண் நிறைந்துவிட்டது. இன்னும் ஒரு சொல் நான் சொன்னால் கண்ணீர் விழுந்துவிடும்.

நான் சரி போட்டேன். கீழ் வரிசையில் மூன்று கட்டத்துக்கும் மூன்று சரி. அவள் தாளை வாங்கிக்கொண்டு, பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டுவதற்காக ஓடினாள்.